ஓடைக்கரையில் வீடு, கையில் ஃபெமா கடிதம்: வெள்ளக் காப்பீடு எடுக்க வேண்டுமா?

கேள்வி கேட்டவர் ஆஸ்டினில் வேலை பார்க்கிறார். டெக்சஸ் ஹில் கன்ட்ரியில், கெர் கவுண்டியில், மூன்று ஏக்கர் நிலத்தோடு ஒரு வீடு பார்த்திருக்கிறார். இப்போதைக்கு வார இறுதியில் போய்த் தங்குவதற்கு. பின்னால் அங்கேயே போய்விடலாம் என்று எண்ணம். நிலத்தின் பின்பக்கம் குவாடலூப் ஆற்றில் போய்ச் சேரும் ஓர் ஓடை. நிலத்தில் ஒரு பகுதி, ஃபெமா எனப்படும் அமெரிக்கப் பேரிடர் மேலாண்மை அமைப்பின் வரைபடத்தில் 'ஸோன் ஏ', அதாவது வெள்ள மண்டலம். வீடு மட்டும் அதற்கு வெளியே என்று ஃபெமாவே கொடுத்த கடிதத்தை விற்பவர் காட்டுகிறார். அதனால் வங்கி வெள்ளக் காப்பீடு கேட்கவில்லை. ஏஜென்ட், தேவையே இல்லை என்கிறார். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பாவோ, "ஓடையில கணுக்கால் நனையத் தண்ணி இல்ல, இதுக்கு இன்சூரன்ஸா?" என்று சிரிக்கிறார். எடுக்கணுமா, எடுத்தால் எதற்கெல்லாம் பணம் வரும், எவ்வளவு ஆகும் என்பதுதான் கேள்வி.

எடுங்கள். அந்தக் கடிதத்தைப் பார்த்துவிட்டும் எடுங்கள் என்றுதான் சொல்கிறேன். நான் பாலிசி விற்பவன் இல்லை. பன்னிரண்டு வருடமாக வெள்ளம் வடிந்த வீடுகளுக்குள் டேப்பும் கேமராவுமாகப் போய்ச் சேதம் கணக்கெடுக்கும் அட்ஜஸ்டர். நீங்கள் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் எனக்கு ஒரு காசு வரப்போவதில்லை.

முதலில் அப்பாவுக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். அவர் குற்றாலம் போயிருப்பார். மெயின் அருவிக்குக் கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும். மேலே மலையில் எங்கோ பெய்த மழை திடீரென்று வந்து இறங்கும். போலீஸ்காரர்கள் விசில் ஊதி எல்லோரையும் வெளியே விரட்டுவார்கள். ஹில் கன்ட்ரி ஓடைகள் அந்த ஜாதி. சுண்ணாம்புப் பாறை, அதன்மேல் ஒரு சாண்கூட இல்லாத மண். மழையை உறிஞ்சிக்கொள்ள நிலத்தில் ஒன்றுமில்லை. மெக்சிகோ வளைகுடாவிலிருந்து வரும் ஈரக்காற்று இந்த மேட்டில் ஏறும்போது கொட்டித் தீர்க்கிறது. கொட்டியது அத்தனையும் சரிவில் வழிந்து, வறண்டு கிடந்த ஓடைக்குள் ஒரே நேரத்தில் இறங்குகிறது. அமெரிக்காவில் திடீர் வெள்ளத்துக்குப் பேர்போன பகுதி இது. 'ஃப்ளாஷ் ஃப்ளட் ஆலி' என்றே இதற்குப் பெயர். ஓடை வறண்டிருப்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. காட்டாறு வருடத்தில் 360 நாள் அப்படித்தான் கிடக்கும்.

குவாடலூப் இதைத் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கிறது. 1932, 1978 இரண்டிலும் பெருவெள்ளம். 1987 ஜூலை 17 அன்று கம்ஃபர்ட் ஊருக்கு அருகில், ஒரு தேவாலய முகாமிலிருந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கிளம்பிய பஸ் தரைப்பாலத்துக்கருகே வெள்ளத்தில் சிக்கி 10 பதின்வயதுப் பிள்ளைகள் செத்துப்போனார்கள். அப்புறம் 2025 ஜூலை 4. விடிவதற்கு முன்னால் ஆறு 45 நிமிடத்தில் 26 அடி ஏறியது. ஹன்ட் ஊரிலுள்ள அளவுகோலில் உச்சம் 37 அடியைத் தாண்டியது. கெர் கவுண்டியில் மட்டும் 110 பேருக்கு மேல் இறந்தார்கள். வெள்ளக் காப்பீடு வைத்திருந்த வீடுகள் நூற்றுக்கு ஒற்றை இலக்கத்தில்தான்.

சரி, இப்போது அந்தக் கடிதம். அதன் பெயர் லோமா. வரைபடத் திருத்தக் கடிதம் என்று சொல்லலாம். நூறு வருட வெள்ளத்துக்கு ஃபெமா ஓர் உயரம் வைத்திருக்கும். வீட்டைச் சுற்றியுள்ள தரையில் மிகத் தாழ்வான இடம்கூட அந்த உயரத்துக்குச் சமமாகவோ மேலாகவோ இருக்கிறது என்று சர்வேயர் அளந்து காட்டினால், ஃபெமா கட்டணம் வாங்காமலே இந்தக் கடிதத்தைக் கொடுத்துவிடும். இதில் மோசடி ஒன்றும் இல்லை. சட்டப்படி சரியான வழி. கடிதம் வந்ததும் வங்கியின் கட்டாயம் விலகும். ஆனால் அந்தக் கடிதத்துக்கு வேலை அவ்வளவுதான். 1973-ஆம் ஆண்டுச் சட்டம், அரசு ஆதரவுள்ள கடன் வாங்கி வெள்ள மண்டலத்தில் வீடு வைத்திருப்பவர் காப்பீடு எடுத்தே தீர வேண்டும் என்றது. அப்படியானால் மண்டலத்துக்கு எங்கோ ஒரு கோடு போட்டாக வேண்டும். போட்டார்கள். அது கடன் கொடுப்பவருக்காகப் போட்ட கோடு. தண்ணீரிடம் யாரும் கையெழுத்து வாங்கவில்லை.

கேம்ப் மிஸ்டிக் பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2025 வெள்ளத்தில் அந்த முகாமில் இருந்த சிறுமிகளும் அவர்களைப் பார்த்துக்கொண்ட இளம்பெண்களுமாக 27 பேர் இறந்தார்கள். 2011-இல் வந்த ஃபெமா வரைபடத்தில் அந்த முகாம் வெள்ள மண்டலத்தில் இருந்தது. பிறகு 2013, 2019, 2020 ஆகிய ஆண்டுகளில், முறையீட்டின் பேரில், அதன் பல கட்டடங்கள் மண்டலத்திலிருந்து எடுக்கப்பட்டன. உங்களுக்கு விற்பவர் கையில் வைத்திருப்பதும் அதே வகைத் திருத்தம்தான். வீடு மோசமான இடத்தில் இருக்கிறது என்று இதை வைத்துச் சொல்லவில்லை. கடிதம் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

இன்னொன்று கவனியுங்கள். உங்கள் நிலம் ஸோன் ஏ. 'ஏஇ' அல்ல. ஒரு எழுத்துதான் வித்தியாசம், ஆனால் கிராமப்புறக் கவுண்டிகளில் கதையே அதில்தான் இருக்கிறது. ஏஇ என்றால் அந்த ஓடையை எஞ்சினியர்கள் முறையாக ஆய்வு செய்து, வெள்ளம் எந்த உயரம் வரும் என்று எண் போட்டிருக்கிறார்கள். வெறும் ஏ என்றால் வரைபடத்தில் எண் கிடையாது. தோராயமாக வரைந்த எல்லை. ஜனங்கள் நெருக்கமாக வாழும் கவுண்டிகளுக்கு விரிவான ஆய்வு கிடைக்கும். மாடும் கேதுரு மரமும் அதிகமுள்ள இடத்துக்குத் தோராயம்தான். பொதுவாக ஒரு சதுர மைலுக்கும் குறைவான நிலத்திலிருந்து தண்ணீர் வாங்கும் சிற்றோடைகள் வரைபடத்திலேயே ஏறுவதில்லை. அவற்றின் கரையில் இருக்கும் வீடெல்லாம் 'ஸோன் எக்ஸ்', அதாவது வெள்ள மண்டலத்துக்கு வெளியே, என்று நிம்மதியாக இருக்கும்.

மழைக்கணக்கும் மாறிவிட்டது. அமெரிக்க வானிலைத் துறை 2018-இல் டெக்சஸுக்கு 'அட்லஸ் 14' என்ற புதிய மழை அளவீட்டை வெளியிட்டது. நூறு வருடத்துக்கு ஒருமுறை ஒரே நாளில் பெய்யக்கூடிய மழை என்று ஆஸ்டினுக்கு முன்பு 10 அங்குலம் வைத்திருந்தார்கள். அது 13 ஆனது. ஹூஸ்டனுக்கு 13-லிருந்து 18. கெர் கவுண்டி வரைபடம் 2011-ஐச் சேர்ந்தது என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள்.

'நூறு வருட வெள்ளம்' என்ற பெயரே பாதிப் பேரைக் கெடுத்துவிட்டது. போன வருடம் வந்துவிட்டது, இனி என் பேரன் காலத்தில்தான் என்று என்னிடமே சொல்லியிருக்கிறார்கள். எந்த வருடமும் நூற்றில் ஒரு வாய்ப்பு. அடுத்த வருடமும் அதே ஒன்று. 30 வருடக் கடனுக்குக் கணக்குப் போட்டால் 26 சதவீதம், அதாவது நான்கில் ஒன்று. உங்கள் வீடு கோட்டுக்கு வெளியே, ஆனால் கோட்டை ஒட்டி இருக்கிறது. கோட்டைத் தாண்டி ஒரு அடி வைத்தவுடன் நான்கில் ஒன்று சுழியமாகிவிடாது. கிளைம்களில் சுமார் 40 சதவீதம் இப்படிக் கோட்டுக்கு வெளியே இருப்பவர்களிடமிருந்துதான் வருகிறது என்று ஃபெமாவே சொல்கிறது.

"வீட்டு இன்சூரன்ஸ் இருக்கே, அதில் வராதா?" என்று அடுத்துக் கேட்பீர்கள். வராது. ஒரு வீடு நினைவுக்கு வருகிறது. பக்கத்து வீட்டுக் கிளைமுக்காகப் போயிருந்தேன். வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா கூப்பிட்டார். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. உள்ளே போனேன். ஆளுயர ஃப்ரிட்ஜ் மிதந்துபோய்ச் சமையலறை வாசலில் குறுக்கே படுத்துக் கிடந்தது. சுவரில் தண்ணீர்க்கோடு பென்சிலால் போட்டதுபோல நேராக ஓடியது. டேப் வைத்துப் பார்த்தேன், 31 அங்குலம். கோட்டுக்கு மேலே அரை அடியில் கட்டைவிரலால் அழுத்தினால், ஷீட்ராக் என்ற சுவர்ப்பலகை நமுத்த அப்பளம்போல உள்ளே போனது. அதன் காகித அட்டை தண்ணீரை மேல்நோக்கி இழுத்துக்கொள்ளும். அந்த அம்மா ஜிப் பை ஒன்றில் வீட்டுக் காப்பீட்டுத் தாள்களை நனையாமல் பத்திரமாக வைத்திருந்தார். ஆலங்கட்டி மழைக்கு இரண்டு முறை கூரை மாற்றிக் கொடுத்த கம்பெனி, இதற்கும் தரும் என்று நம்பியிருந்தார். விலக்குகள் பகுதியில் அந்த ஒரு வரியை நான்தான் அவருக்குக் காட்ட வேண்டியிருந்தது. ஆலங்கட்டியோ காற்றோ உடைத்த கூரை வழியாக இறங்கும் மழைக்குப் பணம் உண்டு. தரையில் ஓடி வாசல் வழியாக வரும் அதே மழைக்குக் கிடையாது. டெக்சஸ்காரர்களுக்கு ஆலங்கட்டி கிளைம் தலைகீழ்ப் பாடம். வெள்ளத்துக்குத் தனிப் பாலிசி வேண்டும் என்பது மட்டும் வெள்ளம் வந்த பிறகுதான் தெரிகிறது.

அந்தத் தனிப் பாலிசியைப் பெரும்பாலும் தருவது 1968-இல் தொடங்கிய அரசுத் திட்டம், என்எஃப்ஐபி. தனியார் கம்பெனியின் பெயரில் பாலிசி வந்தாலும் பெரும்பாலும் பின்னால் இருப்பது இதுவே. வீட்டுக்கு உச்சவரம்பு 2,50,000 டாலர், உள்ளிருக்கும் சாமான்களுக்கு 1,00,000 டாலர். சாமான்களுக்குத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். ஏஜென்ட் சில சமயம் கட்டடத்துக்கு மட்டும் போட்டுவிடுவார். இன்னொரு விஷயம், நிலத்துக்குக் காப்பீடு கிடையாது. உங்கள் விலையில் பாதி அந்த மூன்று ஏக்கருக்காகவே இருக்கும். எனவே விலையைப் பார்க்காமல், வீட்டைத் திரும்பக் கட்ட எவ்வளவு ஆகும் என்று பாருங்கள். அது இரண்டரை லட்சத்தைத் தாண்டினால் மிச்சத்துக்குத் தனியார் பாலிசி தேட வேண்டும்.

கிராமத்து வீடுகளில்தான் இந்தப் பாலிசியின் ஓட்டைகள் பளிச்சென்று தெரியும். செப்டிக் டேங்க், கிணறு, வேலி, தாங்குசுவர், மரத்தளம், வீட்டுக்கு வரும் தனிப்பாதை, ஓடைமேல் நீங்கள் போட்டுக்கொண்ட சிறு பாலம்: எதற்கும் ஒரு பைசா வராது. நகரத்தில் இவற்றில் பாதி இருக்காது. கிராமத்தில் வெள்ளம் முதலில் கொண்டுபோவதே இவற்றைத்தான். பாலம் போனால், முழுசாக நிற்கும் வீட்டுக்குள் நீங்கள் போக முடியாது. தனியாக நிற்கும் கார் கராஜுக்குக் கட்டடத் தொகையில் 10 சதவீதம் வரை எடுத்துக்கொள்ளலாம், ஆனால் அது வீட்டுத் தொகையிலிருந்து கழியும். தொழுவம், பட்டறை, விருந்தினர் குடில் எல்லாவற்றுக்கும் தனித்தனிப் பாலிசி. வீடு சரியாகும்வரை ஹோட்டலில் தங்கும் செலவும் கிடையாது. கார் நனைந்தால் கார் இன்சூரன்ஸில் காம்ப்ரிஹென்சிவ் இருந்தால் வரும்.

நம் வீடுகளுக்கென்று ஒன்று. நகை, கைக்கடிகாரம், கலைப்பொருள், தங்கம் வெள்ளியில் செய்த பொருள்கள் எல்லாம் சேர்த்து மொத்தமே 2,500 டாலர்தான். ஒரு தாலிக்கொடிக்கே காணாது. தங்கக் காசு, ரொக்கம் இரண்டுக்கும் அதுவும் இல்லை. வார இறுதி வீட்டு பீரோவில் எதையும் வைக்காதீர்கள்.

உங்கள் விஷயத்தில் முக்கியமான சிக்கல் 'வார இறுதி வீடு' என்பதுதான். மூன்று இடத்தில் இது உங்களைக் கடிக்கும். ஒன்று, பிரீமியத்தோடு சேரும் கூடுதல் கட்டணம்: முதன்மை வீட்டுக்கு 25 டாலர், மற்ற வீட்டுக்கு 250 டாலர். இரண்டு, வருடாந்தர ஏற்றம் முதன்மை வீட்டுக்கு 18 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. மற்றதற்கு 25 வரை போகலாம். மூன்றாவதுதான் பெரிய அடி. வெள்ளத்துக்கு முந்தைய 365 நாளில் 80 சதவீதமாவது நீங்கள் அங்கே குடியிருந்து, போதுமான தொகைக்கும் காப்பீடு எடுத்திருந்தால்தான் புதிதாகச் செய்ய ஆகும் முழுச்செலவு கிடைக்கும். இல்லையென்றால் தேய்மானம் கழிப்பார்கள். 15 வருடப் பழைய மரத்தரைக்கும் அலமாரிக்கும் தேய்மானம் போனால் என்ன மிஞ்சும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். சாமான்களுக்கோ யாராக இருந்தாலும் தேய்மானம் கழித்துத்தான் தருவார்கள். நிரந்தரமாகக் குடிபோகும் நாளில் ஏஜென்ட்டைக் கூப்பிட்டு முதன்மை வீடு என்று மாற்றச் சொல்ல மறக்காதீர்கள்.

எவ்வளவு ஆகும்? நான் ஓர் எண் சொன்னால் அது பொய்யாகத்தான் இருக்கும். 2021 அக்டோபரிலிருந்து புதிய பாலிசிகளுக்கு விலை போடும் முறையே மாறிவிட்டது. முன்பெல்லாம் எந்த ஸோன் என்று பார்த்துப் பட்டியலிலிருந்து எடுத்துச் சொல்வார்கள். இப்போது ஓடையிலிருந்து வீடு எவ்வளவு தூரம், தண்ணீரைவிட எவ்வளவு உயரம், முதல் தளம் தரையிலிருந்து எத்தனை அடி, அடித்தளம் கான்கிரீட் தளமா தூணா, திரும்பக் கட்ட எவ்வளவு என்று வீடு வீடாகக் கணக்குப் போடுகிறார்கள். எதிரெதிர் வீடுகளுக்கே பெரிய வித்தியாசம் வரும். இதில் வேடிக்கை என்னவென்றால், விலை போடும்போது ஃபெமாவே தன் ஸோனைப் பார்ப்பதில்லை. காப்பீடு கட்டாயமா இல்லையா என்பதற்கு மட்டும் பழைய கோடு; அபாயம் எவ்வளவு என்பதற்கு வேறு கணக்கு. கடிதத்தை நம்பலாமா என்று குழம்புவதைவிட, ஒரு விலை கேட்டுப் பாருங்கள். கேட்க காசில்லை. அந்த எண் அதிகமாக வந்தால், வீட்டைப் பற்றி ஃபெமா உண்மையில் என்ன நினைக்கிறது என்பது அதில் தெரிந்துவிடும்.

விற்பவரிடம் இப்போதே வெள்ளப் பாலிசி இருக்கிறதா என்று கேளுங்கள். பலர் இதைக் கேட்பதே இல்லை. இருந்தால் அதை உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம். பழைய முறையின் குறைந்த கட்டணத்திலிருந்து படிப்படியாக ஏறிக்கொண்டிருக்கும் பாலிசியாக இருந்தால் அந்தச் சலுகையும் கூடவே வரும். நடுவில் விட்டுவிட்டுப் புதிதாக எடுத்தால் முழு விலை.

நேரம் முக்கியம். புதுப் பாலிசி எடுத்து 30 நாள் கழித்துத்தான் அது உயிர் பெறும். வளைகுடாவில் புயல் பெயர் வாங்கிய பிறகு போன் செய்வதில் பயன் இல்லை. விதிவிலக்கு உங்களுக்கு வாய்த்திருக்கிறது: வீட்டுக் கடன் வாங்கும்போது அதையொட்டி எடுத்தால் காத்திருப்பு கிடையாது, கடன் பத்திரம் கையெழுத்தாகும் நாளிலேயே அமலுக்கு வரும். வங்கி கேட்கவில்லை என்று அன்று விட்டுவிட்டு, இரண்டு மாதம் கழித்து மனம் மாறினால் 30 நாள்தான்.

தனியார் வெள்ளப் பாலிசிகளும் பாருங்கள். வரம்பு அதிகம், காத்திருப்பு குறைவு, சிலவற்றில் வெளியில் தங்கும் செலவும் உண்டு. ஆனால் ஒரு பெரிய வெள்ளம் வந்த மறுவருடம் புதுப்பிக்க மாட்டோம் என்று அவர்கள் சொல்லலாம். அரசுத் திட்டம் அப்படிக் கைவிடாது. அரசுத் திட்டத்துக்கும் ஒரு நோய் உண்டு: அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் நீட்டித்துக்கொண்டு போகிறது. 2025 அக்டோபரில் அரசு முடங்கியபோது புதிய பாலிசி விற்பனை ஆறு வாரம் நின்றது. ஏற்கெனவே இருந்த பாலிசிகளுக்கு ஆபத்து வரவில்லை.

"பெரிய வெள்ளம் வந்தால் ஃபெமா பணம் தருமே" என்பார்கள். தரும், ஜனாதிபதி பேரிடர் என்று அறிவித்தால். 2025 ஜூலை வெள்ளத்தின்போது வீட்டுப் பழுதுக்கு உச்சவரம்பே 43,600 டாலர்தான். அந்த உச்சத்தைத் தொடுபவர்கள் அபூர்வம், பெரும்பாலோருக்குக் கிடைப்பது சில ஆயிரம். ஒரு அங்குலத் தண்ணீர் வீட்டுக்குள் வந்தாலே 25,000 டாலர் வரை செலவு இழுக்கும் என்பது அவர்களே சொல்லும் கணக்கு. வார இறுதி வீட்டுக்கோ அந்த உதவி கிடையவே கிடையாது; குடியிருக்கும் வீட்டுக்கு மட்டும். அதோடு, 2025 மாதிரி நாடே பார்க்கும் வெள்ளம் எப்போதோ ஒன்று. உங்கள் ஓடை மாதிரி ஒன்று பொங்கி ஒன்பது வீட்டுக்குள் புகுந்தால் எந்த அறிவிப்பும் வராது, செய்தியில்கூட வராது. ஆனால் பாலிசி இருந்தால் அந்த ஒன்பது வீட்டுக்கும் பணம் உண்டு.

இங்கே ஒரு நுணுக்கம். பாலிசியின் கணக்கில் வெள்ளம் என்றால், வழக்கமாகக் காய்ந்திருக்கும் நிலத்தில் இரண்டு ஏக்கராவது மூழ்க வேண்டும், அல்லது உங்களுடையதையும் சேர்த்து இரண்டு சொத்துகளாவது மூழ்க வேண்டும். நகரத்தில் பக்கத்து வீடு பத்தடியில் இருக்கும், பிரச்சினை இல்லை. உங்களுக்குப் பக்கத்து வீடு கால் மைல் தள்ளி. மலைச்சரிவிலிருந்து வழிந்து உங்கள் வீட்டுக்குள் மட்டும் வந்தால், இரண்டு ஏக்கர் என்பதை நிரூபிக்க வேண்டியிருக்கும். எனவே தண்ணீர் நிற்கும்போதே, ஆபத்தில்லாத மேட்டிலிருந்து, வயலையும் வேலிக்கு அப்பாலுள்ள பக்கத்து நிலத்தையும் சேர்த்துப் படம் எடுங்கள். வடிந்த பிறகென்றால் புல் சாய்ந்து கிடப்பதையும் வேலிக்கம்பியில் சிக்கிய குப்பையையும் எடுங்கள். வீட்டின் நடுவில் மட்டும் நின்று நாற்பது படம் எடுத்து அனுப்புகிறவர்கள்தான் அதிகம்.

தண்ணீர் வந்த நாளிலிருந்து 60 நாளுக்குள் கையெழுத்திட்ட இழப்புச் சான்று போக வேண்டும். நனைந்த கார்ப்பெட்டை வெளியே எறியலாம், எறியத்தான் வேண்டும், ஆனால் ஒரு துண்டு வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். வாரக்கணக்கில் போய்ப் பார்க்காமல் விட்டுப் பூஞ்சை பிடித்தால், அந்தப் பூஞ்சைக்குப் பணம் தர மாட்டார்கள். வார இறுதி வீட்டுக்காரர்கள் அதிகம் மாட்டுவது இங்கேதான். பக்கத்தில் யாரிடமாவது ஒரு சாவி கொடுத்து வையுங்கள்.

இனி வாங்குவதற்கு முன் செய்ய வேண்டியது. டெக்சஸ் ஒப்பந்தத்தில் ஆப்ஷன் பீரியட் என்று சில நாள் இருக்கும். அதற்குள் காரணமே சொல்லாமல் விலகலாம். இவையெல்லாம் அந்த நாட்களுக்குள் முடிய வேண்டும்.

விற்பவர் தரும் வெளிப்படுத்தல் படிவத்தை வாங்கி வரி வரியாகப் படியுங்கள். 2019 செப்டம்பரிலிருந்து டெக்சஸில் அதில் வெள்ளத்துக்கென்று ஒரு பகுதியே இருக்கிறது: முன்பு வீட்டுக்குள் தண்ணீர் வந்ததா, கிளைம் செய்தாரா, ஃபெமாவிடமிருந்தோ, பேரிடர் கடன் தரும் அரசு அமைப்பான எஸ்பிஏவிடமிருந்தோ பணம் வாங்கினாரா. 'தெரியாது' என்று எத்தனை இடத்தில் எழுதியிருக்கிறார் என்று எண்ணுங்கள். நான் எண்ணுவேன்.

ஃபெமா வரைபட மையத்தின் தளத்தில் முகவரியைப் போட்டால் ஸோன் தெரியும். அதோடு நிற்காதீர்கள். 'இன்ஃப்ரம்' என்ற அரசு அமைப்புகளின் கூட்டமைப்புடைய மதிப்பிட்ட வெள்ள உயர வரைபடம் ஒன்று இலவசமாக இருக்கிறது. ஸோன் ஏ ஓடைகளுக்கும், எந்த ஸோனிலும் இல்லாத ஓடைகளுக்கும் தண்ணீர் எந்த உயரம் வரலாம் என்று அதில் எண் கிடைக்கும். சர்வேயரை வைத்து எலிவேஷன் சர்டிஃபிகேட் வாங்குங்கள். சில நூறு டாலர் ஆகும், ஆனால் வீட்டுத் தளத்தின் உயரம் எவ்வளவு என்று கையில் எண் வந்துவிடும். லோமாவுக்காக அன்று அளந்தது தரையை. உங்களுக்கு வேண்டியது தளம்.

அப்புறம் நேரில் போங்கள். ஏஜென்ட் இல்லாமல், அப்பாவைக் கூட்டிக்கொண்டு போங்கள். கிராமத்து ஆளுக்கு இது நன்றாகத் தெரியும். ஓடைக்கரை சைப்ரஸ் மரங்களில் தலைக்கு மேலே சருகும் குச்சியும் கற்றையாகச் சிக்கியிருக்கிறதா? வேலியில் கீழ்ப்பாதி மட்டும் புதிதா? வீட்டுக்குள் நான்கு அடி உயரம் வரை சுவரின் சொரசொரப்பு வேறு, அதற்குமேல் வேறு என்று இருக்கிறதா? இருந்தால் யாரோ ஷீட்ராக்கை நான்கு அடிக்கு வெட்டி மாற்றியிருக்கிறார்கள். ஒரு பலகையின் அகலம் அவ்வளவு. வரும் வழியில் எத்தனை தரைப்பாலம், அவற்றில் அளவுகோல் கம்பம் நட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். வீடு தப்பினாலும் நீங்கள் வெளியே வர வேண்டுமே. தீவனக் கடையிலோ தன்னார்வத் தீயணைப்பு நிலையத்திலோ, அந்த ஓடை 2025-இல் எதுவரை வந்தது என்று கேளுங்கள். வரைபடத்தில் இல்லாத கோட்டை அவர்கள் விரலால் காட்டுவார்கள்.

கவுண்டி அலுவலகத்தில் வெள்ளச் சமவெளி நிர்வாகி என்று ஒருவர் இருப்பார். அவரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். உங்கள் நிலத்தில் 'ஃப்ளட்வே' எனப்படும் வெள்ளப் போக்குவழி எங்காவது வருகிறதா? வீட்டின் மதிப்பில் 50 சதவீதமோ அதற்கு மேலோ சேதமானால் உயர்த்திக் கட்டச் சொல்வார்களா, அல்லது லோமா இருப்பதால் விடுவார்களா? உயர்த்த நேர்ந்தால் பாலிசியில் அதற்கென்று 30,000 டாலர் வரை உண்டு. உண்மையான செலவுக்கு அது பாதிகூட வராது.

ஃப்ளட்வே வீட்டைத் தொட்டால் பாலிசியெல்லாம் பேசவே வேண்டாம், விலகிவிடுங்கள். தொடவில்லை என்றால், இன்ஃப்ரம் காட்டும் உயரத்துக்கும் சர்வேயர் தரும் தள உயரத்துக்கும் வித்தியாசம் எத்தனை அடி என்று பார்த்து எழுதுங்கள். மூன்று அடிக்கு மேல் தளம் உயர்ந்திருந்தால் நானே வாங்குவேன், பாலிசியோடு. ஒரு அடிக்குள் என்றால், விலையைக் குறைத்துக் கேட்பதற்கு முன்னால் எனக்கு இன்னொரு தடவை எழுதுங்கள்.